பழைய டீசல் பிக்கப்பை மறுபடி ரோட்டில் இறக்குவது: எதற்கு அப்புறம் எது

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, களக்காடு பக்கம் வாழைத் தோட்டங்களில் வேப்பமரத்தடியில் சும்மா நிற்கும் பழைய பிக்கப்புகளை நிறையப் பார்க்கலாம். ஆசைப்பட்டு அதில் ஒன்றை வாங்கிவிட்டு என்னிடம் உதவி கேட்டு வருகிற தம்பிகளில் பாதிப் பேர், பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்த்த பிறகுதான் வருகிறார்கள். மீதிப் பேர் பெயிண்ட் அடித்த பிறகு. இரண்டுமே காசையும் என்ஜினையும் தின்கிற தப்பு. வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. வரிசை தவறினால் மட்டும், செய்த வேலையையே இரண்டாவது தடவை பிரிக்க வேண்டிவரும்.

டாடா 207 டிஐ, மஹிந்திராவின் பழைய டிஐ பிக்கப் மாதிரி மெக்கானிக்கல் பம்பு உள்ள வண்டிகளுக்குத்தான் இந்த முறை. காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயில் அழுத்தத்தோடு டீசல் நிற்கும்) என்ஜின் உள்ள வண்டி என்றால் 5, 6-ம் பகுதிகளில் சொல்லும், நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தும் வேலையைத் தொடவே கூடாது. அதில் டீசல் 1000 பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடும்.

1. முதலில் பேப்பர்

ஆர்சியில் உள்ள சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். கிரைண்டர் வைத்துத் தேய்க்காதீர்கள். நம்பர் அழிந்துவிட்டால், நீங்களே அழித்ததாகத்தான் ஆர்டிஓ அலுவலகத்தில் பார்ப்பார்கள்.

ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, வரி எதுவரை கட்டியிருக்கிறது, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எப்போது முடிந்தது, அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்பதையெல்லாம் பரிவாகன் தளத்தில் பாருங்கள். விற்பவரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். பழைய லோன் ஆர்சியில் அப்படியே இருந்தால், அதை நீக்குவதற்கான படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு இவற்றைத் தேடி அலைகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

2. சேஸிஸைத் தட்டிப் பாருங்கள்

என்ஜின் போனால் சரிசெய்யலாம். சேஸிஸ் போனால் அந்த வண்டியை விட்டுவிடுவதுதான் நல்லது. அதனால் விலை பேசும் முன்னாலேயே இதைச் செய்ய வேண்டும்.

ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். நல்ல இரும்பைத் தட்டினால் கணீர் என்று கேட்கும். உள்ளே அரித்த இடம் தொப் தொப் என்று சத்தம் கொடுக்கும், தகடு தகடாகத் துரு உதிரும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பின்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு மேலே, குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், கேபின் உட்காரும் இடம், டிரைவர் கால் வைக்கும் தரை ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும், தரையை அதன் மேல் கிடக்கும் மிதியடியைத் தூக்கிவிட்டு.

வண்டி எந்த லோடு ஓடியது என்று கேளுங்கள். உவரி, இடிந்தகரையிலிருந்து மீன் ஏற்றிய வண்டியும் தூத்துக்குடியில் உப்பு ஏற்றிய வண்டியும் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அடியில் அரித்திருக்கும். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி, சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் தேங்கி நிற்கும். நான் பிரித்த ஒரு மீன் வண்டியில், மேல் சட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. வாழை, காய்கறி ஓடிய வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. அப்படியானால் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலும் வயரிங்கும் முழுசாக மாற்ற வேண்டிய கணக்கில் விலை பேசுங்கள்.

வெல்டிங் வேண்டுமென்றால் சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் ஒரே வெட்டாக ஒட்டவைக்க விடாதீர்கள். லோடு ஏறி இறங்கும்போது அந்தக் கோட்டிலேயே விரியும். இரண்டு பக்கமும் சாய்வாக முடிகிற ஒட்டுத்தகடு வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

3. கையில் இருக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், நல்ல ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டைக் கட்டை, கிரீஸ் கன், தீயணைப்பான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லையும் நம்பாதீர்கள். பாரம் தாங்கிக்கொண்டிருக்கும் செங்கல் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும்.

அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் ஒரு பிரதியும் வேண்டும். முறுக்கும் அளவு, வால்வு இடைவெளி இரண்டையும் ஆளுக்கு ஆள் வேறு வேறாகச் சொல்வார்கள்.

கழற்றும் ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுங்கள். போல்ட்டைப் பழைய பால் பாக்கெட்டில் போட்டுப் பெயர் எழுதிக் கட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒன்றும் ஞாபகம் இருக்காது.

4. செல்ஃப் அடிக்கும் முன்

"அண்ணாச்சி, ஒரே ஒரு அடி செல்ஃப் அடிச்சுப் பார்ப்போமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உள்சுவர்) துருவால் ஒட்டியிருக்கும், சிலிண்டர் சுவரில் ஆயிலே இருக்காது. அந்த நிலையில் சுற்றினால் ரிங் உடையும், லைனரில் கோடு விழும். ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை அப்புறம் பல ஆயிரமாகிவிடும்.

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நம் ஊரில் நின்ற வண்டி என்றால் எலி கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் பைப்பின் வாயில் குளவி மண்ணால் கூடு அப்பியிருக்கும். அந்த மண் ஒரு பிடி உள்ளே போனாலே லைனர் தேய்ந்துவிடும். பைப்பை முழுசாகக் கழற்றி, என்ஜின் வாய்வரை டார்ச் அடித்துப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து ஆயிலை இறக்குங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோ பார்க்க வேண்டும். வெயிலில் பிடிக்கும்போது ஜிகினா மாதிரி மின்னினால் பேரிங் உலோகம் உதிர்ந்திருக்கிறது. அந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் நேராகப் பிரிப்பதே லாபம். இரண்டும் இல்லையென்றால் புது ஃபில்டர், 15டபிள்யூ-40 டீசல் ஆயில் போடுங்கள்.

இப்போது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிஸ்டனுக்கு மேலே ஆயில் தேங்கிய நிலையில் நாசிலை மாட்டிச் சுற்றினால் அமுங்க இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு விடுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, என்ஜின் ஓடும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் நின்றால் முரட்டுத்தனம் காட்டாதீர்கள். கொஞ்சம் பின்னால் விட்டு, மறுபடி முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பாதி கவலை தீர்ந்தது.

நாசில்களை அப்படியே மாட்டாமல் பம்பு-நாசில் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே சோதனை மேசையில் ஏற்றி, பனி மாதிரி தூவுகிறதா, மூக்கில் சொட்டு நிற்கிறதா என்று காட்டுவார்கள். சொட்டுகிற நாசில் பிஸ்டன் தலையில் ஓட்டை போடும். மாட்டும்போது அடி வாஷர் புதிதாகத்தான் போட வேண்டும்.

5. டேங்க் முதல் பம்பு வரை

பழைய டீசலை வடிகட்டி உபயோகிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து, அதில் கறுப்பாக வழுவழுப்பாகப் பாசி மாதிரி ஒரு படலம் வளர்ந்திருக்கும். டேங்கை இறக்கி, கழுவி, வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்துவையுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. டீசல் ஃபில்டர் புதிது. இதில் மிச்சம் பிடிக்கிற நூறு ரூபாய் பம்பின் தலையில் விழும்.

அடுத்தது டீசல் பைப்பில் தங்கிய காற்றை எடுப்பது. ஃபில்டருக்கு மேலே உள்ள பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். நுரை நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்போது, பம்பை அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை முறுக்குங்கள். அப்புறம் இதையே, நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பெரிய பம்பில் உள்ள ஸ்க்ரூவில் செய்யுங்கள். நாசில் பக்கத்து நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி மட்டும் வையுங்கள், அந்தக் காற்று செல்ஃப் அடிக்கும்போது போகும். அந்த நேரத்தில் கையை நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்ன ஊசிக்குத்து மாதிரித்தான் தெரியும், வலியும் இருக்காது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடும்.

காற்று எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடி நின்றால், டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. அங்கே டீசல் வெளியே கசியாது, அதனால்தான் கண்ணுக்குத் தெரியாது. ஹோஸ் கிளிப்பிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

6. முதல் ஸ்டார்ட்

சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ரேடியேட்டரில் தண்ணீர் இருப்பதைப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

பெட்ரோல் வண்டி மாதிரி சாவியைத் திருப்பினால் டீசல் என்ஜின் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். பம்புக்கு டீசல் நின்றால்தான் என்ஜின் நிற்கும். வருடக்கணக்கில் நின்ற பம்பின் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராடு பிசின் பிடித்து, முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன உடனே என்ஜின் கட்டுமீறி ஓடும். நான் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது, சாவியைப் பிடுங்கியும் நிற்கவில்லை. பலகையால் காற்று வாயை அடைத்தபோதுதான் அடங்கியது. அந்தப் பத்து நொடியில் எல்லோர் முகமும் வெளுத்துவிட்டது.

அதனால் ஸ்டார்ட் செய்யும் முன், பம்பில் உள்ள ஸ்டாப் லீவரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்வாகப் போய் ஸ்பிரிங்கால் தானே திரும்பி வர வேண்டும். ஏர் பைப்பைக் கழற்றிவிட்டு, என்ஜினின் காற்று வாயை முழுசாக மூடுகிற அளவுக்கு ஒரு பலகையுடன் ஓர் ஆளை நிறுத்துங்கள். துணியோ கையோ கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

முதலில் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பத்து நொடியாக, நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு செல்ஃப் அடியுங்கள். ஆயில் விளக்கு அணைய வேண்டும். டீசல் இல்லாமல் சுற்றுவதே ஆயில் எல்லாப் பேரிங்குக்கும் ஏறிய பிறகு பாரம் விழட்டும் என்றுதான். விளக்கு அணைந்ததும் லீவரை விட்டு செல்ஃப் அடியுங்கள். தளர்த்திவைத்த நட்டுகளில் டீசல் துடித்து வந்ததும் நிறுத்தி, எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள்.

7. சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டுமா

அவசரப்பட்டு முடிவு எடுக்காதீர்கள். இருபது நிமிடம் ஓடி சூடான பிறகு புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, பம்பு வேலை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கேஸ்கட். குறையாவிட்டால் நாசில், டைமிங், கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். முதல் பத்து நிமிட நீலப் புகை நீங்கள் ஊற்றிய ஆயிலால் வருவது, பயப்படாதீர்கள்.

ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் ரயில் என்ஜின் மாதிரி குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் ஹெட்டை இறக்கலாம். நான்கும் ஒரே மாதிரி மேனுவல் அளவை ஒட்டி இருந்தால் தொடாதீர்கள்.

இறக்கியே ஆக வேண்டுமென்றால், லேத் பட்டறையில் ஹெட்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மூன்று தவணையாக டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஓரத்திலிருந்து முறுக்கினால் கேஸ்கட் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும்.

8. தண்ணீர்

ராதாபுரம், திசையன்விளை பக்கத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உள்ளே சுண்ணாம்பு படிந்து, பாதிக் குழாய் அடைத்திருக்கும். ரேடியேட்டர் கடையில் கொடுத்து ராடு விட்டுச் சுத்தம் செய்து, கூலன்டும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்து ஊற்றுங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுகிறவர்கள் நிறைய. அது இல்லாவிட்டால் சும்மா ஓடும்போது என்ஜின் சூடே ஏறாமல் டீசல் தின்னும், லைனர் சீக்கிரம் தேயும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஏற்றத்தில் கொதிக்கவும் செய்யும். புதிதாக வாங்கிப் போடுங்கள். ரேடியேட்டர் மூடியும் புதிது.

9. பிரேக்

வண்டியைத் தெருவில் ஒரு வட்டம் அடித்துப் பார்க்கும் ஆசை வருவது இந்தக் கட்டத்தில்தான். பிரேக் வேலை முடியும்வரை சக்கரத்தில் வைத்த அண்டையை எடுக்காதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்தின் ரப்பர்கள், மூன்று ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் சிலிண்டர் உள்ளே குழிக்குழியாகத் துருப்பிடித்திருக்கும். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் போட்டால் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும், அங்கே சிலிண்டரையே மாற்றுங்கள். டப்பாவில் டாட்-3 அல்லது டாட்-4 என்று போட்டிருக்கும், வண்டிக்குச் சொன்னதையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூடக் கூடாது, ரப்பர் ஊதிப் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும்.

காற்று எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நம் வண்டிகளில் அது பின் இடது. அடுத்து பின் வலது, முன் இடது, முன் வலது.

பிக்கப்பில் எல்லோரும் மறக்கிற ஒன்று, பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கம்பி போட்டு இணைத்திருக்கும் லோடு வால்வு. பாரம் ஏற ஏறப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதுதான். துருப்பிடித்து இறுகியிருந்தால், சும்மா ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஒரு டன் ஏற்றிய அன்று வண்டி நிற்காது. அந்தக் கம்பியைக் கழற்றிக் கட்டிவிடுவது தீர்வு இல்லை, வால்வை மாற்றுங்கள்.

மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரைச் சோதிப்பது எளிது. என்ஜின் ஓடாத நிலையில் பெடலை ஐந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் பம்பைப் பாருங்கள். பல டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். ஆல்டர்னேட்டரை வேலைக்குக் கொடுத்து வாங்கும்போது அதன் ஆயில் பைப்பை மாட்ட மறந்துவிடுவார்கள்.

10. கிளட்ச், பட்டை, ஸ்டியரிங்

கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். கூலி ஒன்றுதான். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதே கோட்டில் திரும்ப மாட்டுங்கள். ஒரு பல் மாறினாலும் வண்டி உதறும், ஷாஃப்ட்டின் கிராஸ் (யூனிவர்சல் ஜாயின்ட்) சீக்கிரம் போகும்.

பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று நடு போல்ட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். முந்தைய ஆள் கூடுதல் பட்டை சொருகியிருந்தால் எடுத்துவிடலாம். பட்டையைக் கூட்டியதால் ஆக்சிலோ பிரேக்கோ வலுவாகிவிடாது.

ஸ்டியரிங் ஆட்டம் மெதுவாக ஓட்டும்போது தெரியாது. ஆடி மாதம் பணகுடியிலிருந்து ஆரல்வாய்மொழி போகிறபோது பக்கவாட்டுக் காற்று அடிக்கும் பாருங்கள், அங்கே ஓர் அங்குல ஆட்டம் ஒரு அடியாகத் தெரியும். ஸ்டாண்டில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின், பேரிங் ஆட்டமும், பக்கவாட்டில் ஆட்டினால் டை ராடு ஆட்டமும் தெரியும்.

டயரின் பட்டன் தேய்மானத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019-ன் 14-வது வாரம் செய்தது. பட்டன் முழுசாக இருந்தாலும் பக்கத்தில் வெடிப்பு விட்ட டயர் லோடு தாங்காது.

11. வயரிங்

எலி கடித்த இடத்தையெல்லாம் டேப் சுற்றி ஒப்பேற்றாமல், கெட்ட கிளையை முழுசாக மாற்றுங்கள். சேஸிஸிலிருந்து என்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையும் இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள். செல்ஃப் சோம்பலாகச் சுற்றும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் காரணம், செல்ஃப் மோட்டார் இல்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும்.

12. டிங்கரிங், பெயிண்ட்

இப்போதுதான் பெயிண்டுக்கு முறை. முன்னாலேயே அடித்திருந்தால், மேலே சொன்ன வேலைகளில் ஸ்பேனர் நழுவிக் கீறியிருக்கும், பிரேக் ஆயில் சிந்திப் பொங்கியிருக்கும்.

துருவுக்கு மேலே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூச விடாதீர்கள். அரித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, பிரைமர் அடித்த பிறகுதான் பட்டி. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைப் பட்டி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடினால் அடுத்த மழையிலேயே உள்ளிருந்து துரு கிளம்பும். எர்த் பட்டை உட்காரும் இடத்தையும் சேஸிஸ் நம்பரையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். தென்காசி பக்கம் ஆனி, ஆடியில் சாரல். திசையன்விளை பக்கம் அதே மாதங்களில் காற்று தேரி மணலை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்குமே மழை ஈரம். தை முதல் பங்குனி வரை அடித்தால் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும்.

13. எஃப்சி, முதல் லோடு

லாரி, பிக்கப் மாதிரி சரக்கு வண்டிகளுக்கு எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்சி. ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஒளிரும் ஸ்டிக்கர், புகைச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் முந்தைய நாளே கையில் இருக்கட்டும். பழைய வண்டிக்குக் கட்டணம் கூடுதல், அதைப் பட்ஜெட்டில் முதலிலேயே சேருங்கள்.

எஃப்சி கிடைத்த மறுநாளே முழு லோடு ஏற்றாதீர்கள். பாவூர்சத்திரம் சந்தைக்கோ நயினார்குளம் மார்க்கெட்டுக்கோ அரை லோடு ஏற்றி, இருபது கிலோமீட்டர் ஓட்டி ஓரம் கட்டுங்கள். நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஷூ உரசுகிறது அல்லது பேரிங் இறுக்கம். அடியில் குனிந்து ஆயில் ஒழுகல் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் பட்டையின் யூ போல்ட்டையும் சக்கர நட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள், புதுப் பெயிண்டும் புதுப் பட்டையும் அமுங்கித் தளர்ந்திருக்கும். 1000 கிலோமீட்டரில் ஆயிலையும் டீசல் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்த பிறகு முழு லோடு ஏற்றலாம்.